எதிர் வாசலில் நின்றவர்

அப்டன் பார்க்கில் என் மரக்கறிக் கடைக்கு எதிரே ஒரு பள்ளிவாசல். அதன் கண்ணாடியை யாரோ கல்லால் உடைத்த பிறகு, வெள்ளிதோறும் தொழுகை முடியும்வரை ஒரு யூத மதகுரு வாசலில் நின்றார். நரைத்த தாடி, கறுப்புத் தொப்பி. மழை பெய்தாலும் குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கியிருப்பார்.

"இஞ்சையப்பா, உந்த மனுசன் உளவு பாக்கத்தான் நிக்கிறார்," என்றாள் மனைவி. எனக்கும் அதே சந்தேகம்தான். அவர் ஒருநாள் தேசிக்காய் வாங்க வந்தபோது கேட்டே விட்டேன், ஏன் நிற்கிறீர்கள் என்று.

"அயலவர்கள் அல்லவா?" என்றார். "உங்கள் ஊரில் முஸ்லிம்கள் உண்டா?"

"யாழ்ப்பாணத்தில் அடுத்த தெருவிலேயே இருந்தார்கள்."

"இப்போது?"

இயக்கக்காரர் துவக்கோடு வந்து அவர்களை ஒரே நாளில் ஊரைவிட்டு விரட்டியபோது நான் படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தேன். தேசிக்காயை நிறுத்துக் கொடுத்து, விலையை மட்டும் சொன்னேன்.

அடுத்த வெள்ளியும் நின்றார். அவர் என் பக்கம் திரும்பியதும் நான் கடைக்குள் போய்விட்டேன்.