இருபத்தொரு நாள் உபவாசமும் ஒரு சுட்ட மீனும்

பழிவாங்கும் வேலையைக் கடவுள் தம் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார் என்று எங்கள் போதகர் அடிக்கடி சொல்வார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவருடைய வேகம்தான் போதவில்லை.

முந்தின வருஷம் என் இருதயக் குழாயில் அடைப்பு என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஒரு கம்பிச் சுருளை வைத்து அனுப்பினார்கள். நான் பிழைத்ததற்கு டாக்டரும் மனைவியும் காரணம் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். காரணம் என் சகலை, மனைவியின் அக்காள் புருஷன். ஆபரேஷன் நாள் தொடங்கி இருபத்தொரு நாள், வெறும் தண்ணீர் குடித்து எனக்காக உபவாசம் இருந்தாராம்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நாங்கள் வளர்ந்த தோட்டத்துக் கோயிலில் சாட்சி நேரத்தில் எல்லோரிடமும் சொன்னார். தோட்டத்தில் இப்போது எங்களில் யாரும் இல்லை; ரஹாங், செண்டாயான் என்று பிரிந்து போய்விட்டோம். செம்பனை மரங்களுக்கு நடுவே கோயில் மட்டும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து கூடுவோம். ஒரு பாட்டு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து, கடவுள் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். சகலை எழுந்தால் கடவுளுக்குச் சின்ன வேஷம்தான் கிடைக்கும். எனக்குப் பிணத்தின் வேஷம்.

“இவரு புக்கு படிச்சே விசுவாசத்தத் தொலச்சவரு. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. நான்தான் முழங்கால்ல நின்னேன்.”

டாக்டர் கையை விரிக்கவில்லை. என்னிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். ஆனால் மூன்று ஞாயிறு இந்தச் சாட்சி ஓடிய பிறகு, பசாரில் பார்க்கும் அக்காமார்கள் என்னைக் காப்பாற்றப்பட்ட ஆட்டுக்குட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

என்னிடம் ஒரு படம் இருந்தது. தேதியை எண்ணிப் பார்த்தால் உபவாசத்தின் ஒன்பதாம் நாள், சி ரூசா கடலோரச் சாலையில் ஓர் ஒட்டுக்கடை. வாழையிலையில் சுட்ட முழு மீன், சம்பல் சொட்டச் சொட்ட; அதன்மேல் குனிந்திருந்தார் சகலை. ஐஸ்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து, உபவாசம் என்று தெரியாமலே வேடிக்கைக்காகக் கைப்பேசியில் நானே எடுத்தது. கடற்காற்று வாங்கப் போவதாகச் சொல்லிப் போன நான் அங்கே என்ன தின்றேன் என்று மனைவி கேட்பாள். அந்தத் தண்டனைக்கும் தயாராக இருந்தேன்.

கோயிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பாட்டு வரிகளைச் சுவரில் காட்டுவது என் வேலை. சாட்சி முடிந்ததும் அடுத்த பாட்டுக்கு முன்னால் மீன் வரும்படி வைத்தேன். மீனுக்கு ஓர் அம்புக்குறி. கீழே ‘ஒன்பதாம் நாள்’. எழுத்தின் அளவை மூன்று தடவை மாற்றினேன். உள்ளூரச் சீட்டியடித்துக்கொண்டே செய்தேன்.

ஞாயிற்றையும் பார்த்துத்தான் பொறுக்கினேன். அன்று சகலையின் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் எங்கள் கோயிலுக்கு வருகிறார்கள்.

அந்த மாதம் போதகரின் பிரசங்கம் சாந்தகுணத்தைப் பற்றி. சாந்தமானவர்களுக்குப் பூமி கிடைக்கும் என்பது வாக்கு. எங்கள் தாத்தாக்கள் கங்காணிக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் சாந்தமாக இருந்து பார்த்தவர்கள். கடைசியில் பூமியை வீடு கட்டும் கம்பெனி வாங்கிப் போட்டிருக்கிறது. எனவே நான் வேறு வழியை முயன்றேன்.

ஆராதனைக்கு முன்னால் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள்.

“சித்தப்பா, அப்பா இன்னிக்கும் சாட்சி சொல்லப் போறாரு.”

“தெரியும் பாப்பா.”

“மைக்க கொஞ்சம் கொறச்சு வைங்க லா.” மெதுவாகச் சொன்னாள். “அந்த இருபத்தொரு நாளும் வீட்டுல தட்டு கழுவினது நான்தான்.”

போய் வருங்கால மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சகலை எழுந்தார். அன்றைய சாட்சியில் தண்ணீரைக்கூட அளந்துதான் குடித்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா கண்ணை மூடி “ஆமென்” என்றார். அந்தப் பெண் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. என் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் சகலை விழுவார். விழுவது அவள் தலையில். இருபத்தொரு நாள் தட்டையும் கழுவி வாயையும் மூடிக்கொண்டிருந்தவள் அவள். எனக்கோ ஒரு மீனை மூடி வைக்க முடியவில்லை.

மீனைத் தாண்டிப் பாட்டுக்குப் போனேன். மைக்கைக் குறைத்தேன். அது சகலைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

வெளியே வந்ததும் என் தோளில் தட்டினார். “என்னா சகலை, மைக்கு செத்துப்போச்சா? பரவால்ல, நம்ம தொண்ட போதும் லா. சம்பந்தி அழுதுட்டாரு, பாத்தீங்களா?”

“பாத்தேன்ண்ணே.”

“ஒங்களுக்காக மறுபடியும் உபவாசம் இருப்பேன்.”

“வேணாம்ண்ணே. ஒடம்பு தாங்காது.”

“யாரு ஒடம்பு?”

“என் ஒடம்பு.”

அன்று மதியமே மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் படத்தை அழித்தேன். ஆனால் கைப்பேசி என்னை நன்றாக அறிந்தது; அழித்ததை முப்பது நாள் வைத்திருக்கும். தினமும் திறந்து, மீன் சௌக்கியமா என்று பார்த்தேன். நாலாவது ஞாயிறு உபவாசம் நாற்பது நாளாக வளர்ந்தது. படத்தை மீட்கும் இடத்தில் என் கட்டைவிரல் பாட்டு முடியும்வரை நின்றது. சாந்தகுணம் ஒரு நாளில் தேறும் பரீட்சை என்று யாரோ எனக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முப்பத்தோராம் நாள் மீன் போய்விட்டது. பிறகு கல்யாணமும் நல்லபடி நடந்தது. பெண் இப்போது புருஷன் வீட்டில் சந்தோஷமாக இருக்கிறாள். அது தெரிந்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

யார் பெயரையும் போடவில்லை. என் சாந்தகுணம் அதுவரைதான் நீள்கிறது.