உப்புப் போத்தலுக்க இருந்த பென் ட்ரைவ்

மெஷினோட கோபம் வந்தா என்ர வாய் சும்மா இருக்காது. கொழும்பு வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கையில, கம்ப்யூட்டர் திருத்துற கடையொண்டில நான் வேலை செய்த காலம் அது. சண்டைக் காலம். யூஎஸ்பியில எதைச் செருகினாலும் அதின்ர பேர் திரையில வாற மாதிரி பைதனில சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைச்சிருந்தனான். பேர் வந்தா சாமானில உயிர் இருக்கு. வராட்டி, கொண்டு வந்த ஆளுக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிக்க வேணும்.

கடைக்கு மேல் மாடியில இருந்த அன்ரி ஒருநாள் சேலைத் தலைப்பில முடிஞ்சு ஒரு பென் ட்ரைவ் கொண்டு வந்தா. அவவின்ர ஒரே மகன் சண்டை நடக்கிற வன்னியில. வன்னிப் பாதையை ஆமி பூட்டுறதுக்கு முன்னம் கொழும்புக்கு வந்த ஆரிட்டயோ குடுத்துவிட்டவன். அதுக்குள்ள அவன் கதைக்கிற வீடியோ ஒண்டும், மீசை வைச்ச படங்கள் கொஞ்சமும் இருந்ததாம். அயல்வீட்டுக் கம்ப்யூட்டரில ஒருக்காத்தான் பார்த்தவ. அவன் வளர்ந்த பிறகு எடுத்த படம் வேற ஒண்டுமே அவவிட்ட இல்லை.

செருகினன். திரை வெறுமையாக் கிடந்தது.

"இதை எங்க வைச்சிருந்தனீங்கள் அன்ரி?"

"உப்புப் போத்தலுக்க, தம்பி."

ஆமியும் பொலிசும் வீடு வீடாச் செக்கிங் வரப்போகுதெண்டு கதை அடிபட்டிருக்கு. வன்னியில இருந்து வந்த சாமான் வீட்டில அகப்பட்டா என்ன கேள்வியெல்லாம் வரும் எண்டு எங்கட தமிழ் ஆக்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். தூக்கி எறிய மனம் வராம, கல்லுப்புக்க தாட்டு வைச்சிட்டா. வந்தவங்கள் அரிசி டின்னைக் கிளறினவங்களாம், உப்பில கை வைக்கேல்லையாம். அந்தப் பயத்தில கனகாலம் வெளியில எடுக்கவுமில்லை.

"உப்புக்க போட்ட மீனே பழுதாப் போறேல்லை. இது ஏன் தம்பி பழுதாப் போகப்போகுது?" எண்டு என்னைக் கேட்டா.

கடற்காத்துக்குக் கல்லுப்பு கசிஞ்சு, முனையெல்லாம் பச்சை பிடிச்சிருந்தது. எனக்கு ஏச்சும் அழுகையும் ஒண்டா வந்தது. ரெண்டையும் விழுங்கினன்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சன். வேற துவாரத்தில செருகினன், வேற கம்ப்யூட்டரில செருகினன். ஸ்கிரிப்ட்டிலதான் பிழையோ எண்டு வரி வரியாப் பார்த்தன். அனுமதி இல்லாம ஓடினா அது சில சாமானைக் கண்டும் காணாத மாதிரி விடும், அதால அட்மின் உரிமையோடயும் ஓட்டினன். விடாமத் தேடிக்கொண்டிரு எண்டு அதுக்கு எழுதி விட்டிட்டு, வயர்களைப் பிடிச்சு ஆட்டினன். "சனியன், வாயைத் திறவன்" எண்டு திட்டினன். அன்ரி பக்கத்துக் கதிரையில கையை மடியில வைச்சுக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தா.

புதுசா ஒண்டு வந்திருக்கெண்டு திரையில ஒரு வரி விழுந்தது. அன்ரி எழும்பிட்டா.

"வந்திட்டானா?"

நான் ஆட்டின ஆட்டில மவுஸின்ர வயர் கழண்டு திரும்பப் பொருந்தியிருக்கு. வந்த பேர் மவுஸின்ர பேர். பாழாய்ப்போன அந்த ஸ்கிரிப்ட்டை எழுதின கையை உடைக்க வேணும் போல இருந்தது.

"இல்லை அன்ரி, அது மவுஸ்."

"ஓ" எண்டிட்டுத் திரும்பக் கதிரையில இருந்தா.

அதுக்குப் பிறகும் பின்னேரங்களில இறங்கி வருவா. "இண்டைக்கும் ஒருக்காப் போட்டுப் பாருமன் தம்பி" எண்டுவா. வராதெண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் போட்டுப் பார்ப்பன்.

சண்டை முடிஞ்சுது. மகன் எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. காணாமப் போன ஆக்களைப் பதியிற இடமொண்டுக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போனனான். அவவுக்குச் சிங்களம் வராது. மேசைக்கு அங்கால இருந்தவர் பொல்லாத மனிசன் இல்லை. படம் கேட்டார். அன்ரி பள்ளிக்கூடத்து அரைக்காற்சட்டைப் படமொண்டை நீட்டினா. இது சின்னப் பிள்ளை, வளர்ந்த ஆளின்ர படம் வேணும் எண்டார்.

அன்ரி சேலைத் தலைப்பை அவிட்டு, பென் ட்ரைவை எடுத்து மேசையில வைச்சா.

"இதுக்குள்ள இருக்கிறான் எண்டு சொல்லும் தம்பி."

அவர் என்ர முகத்தைப் பார்த்தார். நான் சிங்களத்தில, படம் இல்லை எண்டு சொன்னன். இல்லை எண்டதுக்குச் சிங்களத்தில "நே"; அந்த ஒரு சொல்லு மட்டும் அன்ரிக்கு விளங்கும். அவ பென் ட்ரைவை எடுத்துத் திரும்பவும் தலைப்பில முடிஞ்சா.