மீன் லோரியில் போன ரத்தம்

கிள்ளானில் கிளினிக் வைத்திருந்த காலத்தில், ஊசியைத் தொடுவதற்கு முன் போனைத் தொடுவேன். எண்பதுகளின் கடைசி அது. குரோமோசோம் பார்க்க வேண்டுமென்றால் ரத்தம் கோலாலம்பூர் லேபுக்குப் போக வேண்டும். அவர்களோ சம்பந்தி வீட்டாரை மிஞ்சியவர்கள். பச்சை மூடிக் குழாய்தான் வேண்டும், வெள்ளிக்கிழமை கொண்டுவரக் கூடாது, செல்கள் உயிரோடு வந்து சேர வேண்டும். கேட்காமல் அனுப்பினால் கூசாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் மாமியார், மகன், மருமகள் மூவரும் வந்தார்கள். மருமகளுக்கு மூன்று கர்ப்பம் தங்காமல் கலைந்திருந்தது. பேசியதெல்லாம் மாமியார்தான்.

"இவ ரத்தத்துலதான் கோளாறு டாக்டர். டெஸ்ட் எடுத்து சொல்லிருங்க. என் மகனுக்கு வேற இடம் பாக்கணும்."

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேபுக்குப் போன் போட்டேன். கணவன் ரத்தமும் சேர்ந்து வராவிட்டால் வாங்கவே மாட்டோம் என்றார்கள். மகராசிகள், நன்றாக இருக்கட்டும்.

"எனக்கு எதுக்கு டாக்டர்? எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லயே" என்றார் மகன். ஆள் மலை மாதிரி இருந்தார். ஊசியைக் கண்டதும் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா முந்தானையால் விசிறினார்.

அவருக்கு மீன் லோரி ஓட்டும் வேலை. தினமும் கே.எல். போகிறேன், நானே கொடுத்துவிடுகிறேன் என்றார். லேபில் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்: "ரூம் சூட்டுல இருந்தா போதும். ஒண்ணும் பண்ண வேணாம்."

மத்தியானமே லேபிலிருந்து போன் வந்தது. "டாக்டர், ரத்தம் ஒறஞ்சு கட்டியாயிருச்சு. கெம்போங் மீன் வாசம் வேற. நான்தான் ரூம் சூடுன்னு சொன்னேனே லா."

இருவரையும் வரவழைத்து, மகனைக் காய்ச்சி எடுத்தேன். மனிதர் அசரவில்லை.

"லோரி முன்னால அடுப்பு மாரி சுடும் டாக்டர். அதான் பின்னால ஐஸ்ல பொதச்சு வச்சேன். நான் கொண்டுபோன மீனு ஒரு நாளாச்சும் கெட்டிருக்கா, கேட்டுப் பாருங்க."

மறுபடியும் படுக்க வைத்து, மறுபடியும் எடுத்தேன். இந்த முறை குழாய்களை மருமகளிடம் கொடுத்தேன். அவள் கைப்பையில் வைத்து, பையை மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

சில வாரங்களில் முடிவு வந்தது. மூவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மருமகளுக்கு ஒரு குறையும் இல்லை. மகனுக்குத்தான் இரண்டு குரோமோசோம்களில் துண்டு இடம் மாறியிருக்கிறது. அவர் உடம்புக்கு அதனால் கெடுதல் கிடையாது, கரு நிற்பதுதான் சிரமம். அப்படியும் நல்ல குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டு.

மகனுக்கு வேர்த்துவிட்டது. வேற இடம் பார்ப்பதாகச் சொன்ன வாய் இப்போது என்ன சொல்லப் போகிறது என்று காத்திருந்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாமியார் சேலையைச் சரிசெய்துகொண்டார். "எங்க பக்கம் அப்பிடி யாருக்கும் கெடையாது. இது அவங்கப்பா வழி. அந்தக் குடும்பமே அப்பிடித்தான்."

அதுவரை என் கிளினிக்கில் வாயே திறக்காத மருமகள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"மாமா செத்துட்டாரு அத்தை. அவரயாச்சும் விட்ருங்க."