சாமி வரும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது

இது கட்டுக்கதை என்று யாராவது சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். போன பங்குனியில், பெரிய காஞ்சிபுரத்தில், பட்டப்பகலில் நடந்தது. கலையரசி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பொய் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். புருஷன் இல்லை. பன்னிரண்டாவது படிக்கிற மகள் துளசியோடு வீடு தேடி நாயாய் அலைந்தாள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தாத ஒரே ஆள் கோதண்டபாணிதான். அடுத்த தெருக்காரர். அவரும் வீட்டைச் சும்மா வாடகைக்கு விடவில்லை, ரெண்டு நிபந்தனை போட்டார்.

"கக்கூஸ் அடைச்சிக்கினா அன்னிக்கே காலி பண்ணணும். அப்பறம்... தெருவுல சாமி வர்றப்போ அதுல தண்ணி ஊத்தக் கூடாதும்மா."

தீட்டு பார்க்கிறார் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

திருவிழா வந்தது. காலை ஒன்பதரை. தெருமுனையில் மேளம். கலையரசி சொன்ன சொல் தவறவில்லை. துளசியையும் அந்தப் பக்கம் விடவில்லை.

உள்ளே... களக்.

எட்டிப் பார்த்தாள். கோப்பையின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்குமே, நாற்றத்தை மறிக்க? அது ஏறி இறங்கியது. கழிவுத் தொட்டி நிரம்பினால் ஏறும், சரி. எதற்கு இறங்க வேண்டும்? யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி...

மேளம் நெருங்கியது. களக்... களக்... களக்...

விளிம்பு வரை வந்துவிட்டது. ஐயோ, பரீட்சை நேரத்தில் தெருவில் நிறுத்திவிடுவாரே! அடைப்பு எடுக்கிற ரப்பர் கட்டையை வைத்து அழுத்தினாள்.

எடுக்க வரவில்லை.

கீழேயிருந்து... இழுத்தது.

மேளம் தெருவைத் தாண்டியது.

விட்டது.

மறுநாள், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கழிவு லாரியைக் கூப்பிட்டாள். லாரியை ஓட்டிக்கொண்டு டேனியல் வந்தான். வாசலைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. வாசலிலேயே இருந்த தொட்டி மூடியை நெம்பித் திறந்தான்.

"பாதி கூட இல்லக்கா. இதுல தண்ணி எப்படி ஏறும்?"

மூடியை மூடாமல் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்.

"நாலு வருசம் முன்ன எங்க லாரில வேலை பாத்த வீராசாமி இதுல இறங்குனான்க்கா. சாமி வருதுன்னு லாரிய முனைக்கு எடுக்கச் சொல்லிட்டாங்க. நான் அங்க மாட்டிக்கினேன். ஓனரு அப்போ இங்கதான் குடியிருந்தாரு. நாத்தம் அடிக்குதுன்னு மூடிய மூடிட்டாரு. 'ரெண்டு நிமிசம் பொறுத்துக்கடா'ன்னு சொல்லிட்டு... அது மேலயே நின்னு கற்பூரம் காட்டுனாரு."

சாயங்காலம் கோதண்டபாணி வந்தார். "கக்கூஸ் ஒழுங்கா போவுதாம்மா?"

உள்ளே துளசி படித்துக்கொண்டிருந்தாள்.

"போவுது சார்" என்றாள் கலையரசி. வேறு எந்த வீட்டுக்குப் போவாள்?