அர்பாபின் பாட்டும் எங்கள் கைதட்டலும்

ஓமான் நாட்டுச் சலாலாவில் எங்கள் வீட்டுக்காரரை அப்பா ‘அர்பாப்’ என்றுதான் கூப்பிடுவார், முதலாளி என்று அர்த்தம். மேல்மாடியில் அவர், கீழே நாங்கள். மலைக்காரர். அரபி பேசுவார்தான், ஆனால் தாய்மொழி ஜிப்பாலி. அதற்கு எழுத்து கிடையாது; பேசுகிறவர் போனால் சொல்லும் கூடவே போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் பிக்கப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். உள்ளங்கை அளவு ரெக்கார்டரில் கிழவர் கிழவிகள் பேசுவது, பாடுவது, மாட்டைத் திட்டுவது உட்பட எல்லாவற்றையும் பதிந்து வருவார். எழுபது வயதில் அந்த மலைப்பாதை! நானென்றால் பாதி வழியிலேயே வாந்தி எடுப்பேன்.

அப்பாவுக்கு அவர்மேல் ஒரே பிரமிப்பு. தமிழ்ச் சங்கத்துக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, பொங்கல் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்துவிட்டார். அர்பாப் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “ஏக் கானா, பஸ்.” ஒரு பாட்டுப் பாட விட வேண்டும், அவ்வளவுதான். ஆள் கூடிய இடத்தில் பாட வேண்டிய பாட்டாம் அது. கூட்டம் கூடியே வருஷங்கள் ஆகிவிட்டனவாம். கூடப் பாடித் திரிந்த சிநேகிதர் மலையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். சபையில் பாடி, பதிந்து கொண்டுபோய், அவர் கண்மூடுவதற்குள் காதில் போட வேண்டும்.

விழாவன்று அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். எனக்குப் பத்து வயது.

“ஏட்டி, பாட்டு நம்மாளுகளுக்கு ஒரு எழவும் புரியாது. முழிச்சிட்டு இருப்பாவ. அர்பாப் நிறுத்துனதும் நீ மொதல்ல கையத் தட்டு, மத்தவங்க தன்னால தட்டுவாவ. மனுசன் மனசு கோணிரக் கூடாது.”

ஐயோ, அந்தக் கூட்டத்தை என்னவென்று சொல்ல! அவர் மொழியைப் பாராட்ட எழுந்தவர்கள் எல்லாரும் நம் மொழியைப் பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு சால்வை வேறு. ஏழு சால்வைக்குள் அர்பாப் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார், முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை. கடைசியில் செயலாளர் மாமா மணியைப் பார்த்துவிட்டு, “அர்பாப், டைம் மாஃபி. யல்லா, யல்லா” என்று, நேரமில்லை, சீக்கிரம் ஆகட்டும் என்கிற தோரணையில் மைக்கைக் கொடுத்தார்.

அர்பாப் அவசரப்படவில்லை. ஏழு சால்வையையும் ஒவ்வொன்றாக மடித்து நாற்காலியில் வைத்தார். ரெக்கார்டரை மைக் பக்கத்தில் வைத்தார். பிறகு பாடினார். நெஞ்சுக்குள் போய் உட்காரும் குரல், இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. ஒரு அடிதான் பாடினார். நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

நான் படபடவென்று தட்டினேன். மண்டபமே தட்டியது. அவர் ஒரு கணம் திகைத்தாற்போல் நின்றார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடியைப் பாடினார். மறுபடி நிறுத்தினார், மறுபடி தட்டினேன். கடைசி அடிவரை இதே கதைதான். என் உள்ளங்கை சிவந்துவிட்டது. “கெட்டிக்காரி” என்று அப்பா முதுகில் தட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்களையும் மலைக்குக் கூட்டிப்போனார் அர்பாப். வீட்டு வாசலில் கட்டில் போட்டு, கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார் சிநேகிதர். யாரையும் அடையாளம் தெரிகிற மாதிரி இல்லை. அர்பாப் ரெக்கார்டரை அவர் காதருகே பிடித்தார். முதல் அடி முடிந்தது, எங்கள் கைதட்டல் வந்தது. சட்டென்று கிழவர் வாயைத் திறந்து, கைதட்டலுக்கு மேலேயே, கம்மிய குரலில் அதே அடியைத் திருப்பிப் பாடினார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இரண்டாவது அடிக்கும் அப்படியே. மூன்றாவதில் முழங்கையை ஊன்றி எழுந்தே விட்டார்.

“அப்பா, நாம தட்டுனது கேக்கவே விடமாட்டேங்காரே இந்தத் தாத்தா!”

அப்பா அர்பாபிடம் ஏதோ கேட்டார். அர்பாப் அரபியும் இந்தியுமாகச் சொன்னது அன்று எனக்கு விளங்கவில்லை. ஒருவர் ஒரு அடி பாடிவிட்டு நிறுத்துவார், சபை அதைத் திருப்பிப் பாட வேண்டும், பாட்டின் முறையே அதுதான். இதை அப்பா என்னிடம் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. விழாவிலேயே ஏன் எங்களைத் திருத்தவில்லை என்று அப்பா கேட்டதற்கு, “நீங்க எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா தட்டுனீங்க!” என்றாராம் அந்த மனுஷர்.

பாட்டு முடிந்தது. கிழவர் விரலைச் சுழற்றி, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். நம் கைதட்டல் அவ்வளவு பிடித்துப்போயிற்று போலிருக்கிறது என்று நான் பெருமையாக அப்பாவைப் பார்த்தேன். அவர் மாடுகள் நின்ற பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“சளி புடிச்சிருச்சாப்பா?” என்று கேட்டேன்.