புவாபான் அக்கா இறங்கிய வீடு

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். புவாபான் அக்காவுக்கு இரண்டு கரையும் ஜன்னலில்தான். அவள் பிறந்தது மேகோங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லாவோஸில். வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம், எங்கள் தாய்லாந்துக் கரையில். இங்கே வீடுகள் மரக்கால்களின் மேல் நிற்பவை. சந்தைக்குப் போன வேன் கவிழ்ந்து அவளுக்கு முதுகெலும்பு முறிந்து கால்கள் விளங்காமல் போனபின், மகன் தவி முதுகில் சுமந்து ஏணியில் இறக்கினால்தான் மண்ணைப் பார்ப்பாள். அவனோ லாரி ஓட்டுபவன், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். கீழே நாய் குரைப்பதை வைத்தே யார் போகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அதைக் கேட்டால் பக்கத்து வீட்டு நூடுல்ஸ் கடைக்காரியான எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வரும்.

ஊரில் வரலாற்று அருங்காட்சியகம் திறந்ததும், "சக்கர நாற்காலியே உள்ள போகுதாம்க்கா" என்று நான்தான் மூட்டிவிட்டேன். தவி ஊரிலிருந்த நாளாகப் பார்த்து மூவரும் போனோம்.

பழைய படகு, எல்லைச் சாவடிப் பலகை எதையும் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவே ஒரு பழைய வீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மரக்கால், அடுப்பு, தண்ணீர்ப் பானை, சோற்றுக்கு மூங்கில் கூடை. அச்சு அசல் அவள் வீடு. ஏணிக்குப் பக்கத்தில் மட்டும் வளைந்து வளைந்து ஏறும் ஒரு சரிவுப் பாதை.

"யாரும் தள்ளக்கூடாது" என்றாள். சக்கரத்தைக் கையால் உருட்டித் தானே ஏறினாள்.

மேலே போனதும் புத்தி பழைய வழிக்குப் போய்விட்டது. எங்கள் பக்கம் வாசலைக் கடப்பவரைக் கூப்பிடாமல் விடமாட்டோம். கீழே பாங்காக் குடும்பம் ஒன்று நின்றது. "சோறு தின்னாச்சா? மேல வாங்க, ஒரு வாய் தின்னுட்டுப் போங்க!" என்று கூவினாள். கையில் காலிக் கூடை.

"ஆளையே வேஷம் போட்டு உக்கார வச்சிருக்காங்க பாருங்க" என்று அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி படம் எடுத்தாள்.

நான் சண்டைக்குப் போனேன். "விடுடி. கூப்பிட்டா திரும்பிப் பார்க்க ஆள் இருக்கே" என்றாள் அக்கா.

பிறகு இறங்கினாள். தரையைத் தொட்டதும் திரும்பி ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

"ஏம்மா, எதையாவது விட்டுட்டியா?" என்றான் தவி.

"பேசாம நில்லுடா. நானா இறங்கி நானா ஏறுறேன்."

சாயங்காலம் காப்பாளர் நிக்கோன் வந்தபோது அக்கா மேலே நாற்காலிக்கு பிரேக் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெரியம்மா, மூடணும். வீட்டுக்குப் போங்க."

"போனா இறங்க முடியாதே, தம்பி."

"இங்க தங்க முடியாதும்மா. இந்த வீட்ல யாரும் இருக்கிறதில்ல."

"அதத்தான் நானும் கேக்குறேன். ஆளில்லாத வீட்டுக்கு இம்மா நீளம் பாதை போட்டிருக்கீங்க. ஆள் இருக்கிற வீட்டுக்கு ஏணிதானா?"

நிக்கோன் நல்ல பிள்ளை. ஏணியையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தான். தவி தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"உன்னச் சொல்லலடா" என்று பிரேக்கை எடுத்தாள்.

யாரையும் தொடவிடாமல் கடைசி முறையாக இறங்கினாள். அவ்வளவு மெதுவாக ஒருவர் இறங்கி நான் பார்த்ததில்லை.