கிறகோரியின் கயிறு

குருநகர்க் கிறகோரிக்கு அந்த வேலை கிடைத்தது முகத்தைப் பார்த்துத்தான். முகம் நிறைய அம்மைத் தழும்பு. இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. பதினெட்டு வயதில் வந்த பெரியம்மை ஆளை விட்டுவிட்டு அழகை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒற்றைக் கண்ணனைக் கடலுக்குக் கூட்டிப்போக ஒருவரும் விரும்பவில்லை. கரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தே காலத்தை ஓட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருடம் மறுபடியும் பெரியம்மை பரவி, கடற்கரையோரமாக ஓலைக் கொட்டிலில் தொற்று ஆஸ்பத்திரி போட்டார்கள். ஒருமுறை வந்தவனுக்கு மறுமுறை வராது என்று தெரிந்த டாக்குத்தர், வாசற் காவலுக்கு நேரே கிறகோரியிடம் ஆள் அனுப்பினார். நாற்பத்தெட்டு வயதுவரை ஒருவரும் திரும்பிப் பாராத முகத்துக்கு அரசாங்க உத்தியோகம் வந்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

டாக்குத்தரின் விதிகள் கடுமையானவை. உள்ளே போன நோயாளி சுகமானால்தான் வெளியே வரலாம். வீட்டுக்காரர் உள்ளே வரவே கூடாது. காலை பத்து மணிக்கு வெளியில் நின்று விசாரித்துவிட்டுப் போய்விட வேண்டும். சத்தம் போடக்கூடாது. கஞ்சி கொண்டுவரலாம், ஆனால் மண்முட்டியில் மட்டும். உள்ளே போன முட்டி திரும்பி வராது, அங்கேயே உடைத்துப் புதைத்துவிடுவார்கள்.

வெளியில் என்றால் எவ்வளவு வெளியில் என்று டாக்குத்தர் சொல்லவில்லை. அதைக் கிறகோரி தீர்மானித்தார். கொட்டிலிலிருந்து நாற்பது அடி தள்ளி, இரண்டு பூவரசுகளுக்கு நடுவே பழைய தோணிக் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினார். மாட்டு வண்டியில் வந்தவரும் நடந்து வந்தவரும் அந்தக் கயிற்றோடு நின்றார்கள். ஒருநாள் தம்பியைப் பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருவர் கயிற்றைத் தூக்கச் சொல்லி அதட்டினார்.

"கயிறு என்ரை, ஐயா. வேணுமெண்டால் அறுத்துப்போட்டுப் போங்கோ. உள்ளை இருக்கிற அம்மை வருத்தம் என்ரை இல்லை, அது நான் சொன்னால் கேளாது" என்றார் கிறகோரி. பெரிய மனிதர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

கொட்டிலுக்குள் நோயாளிகளைக் கவனித்தவள் யசிந்தா. நோய் அடங்கும்வரை அவளுக்கும் வெளியே வர அனுமதி இல்லை. கிறகோரி கஞ்சி முட்டியைக் கயிற்றுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் இருக்கும் கல்லில் வைத்துவிட்டுப் பின்வாங்கி நிற்பார். அவள் வந்து எடுத்துக்கொண்டு, கேட்ட ஆளின் நிலையைச் சொல்லிவிட்டுப் போவாள். அதைக் கிறகோரி கயிற்றடிக்கு வந்து மூன்றே சொல்லில் சொல்லுவார். தேறி வந்தால் "சுகம்." மாற்றமில்லை என்றால் "அப்படியே கிடக்கு." நிலைமை மோசம் என்றால் "கும்பிடுங்கோ." அந்த மூன்றாவது சொல்லுக்குப் பயந்தே பல பெண்கள் அவர் வாயைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இதிலெல்லாம் அவருக்குக் கஷ்டம் இருக்கவில்லை. கஷ்டம் பெயரில் இருந்தது. யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டால் எந்த மனைவிதான் புருஷன் பெயரைச் சொல்லுவாள்? குருநகரிலும் அதே வழக்கம்தான். கிறகோரியின் மனைவி இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை. ஆகவே அவர் யாரையும் நெருக்கவில்லை. அவர்கள் ஜாடை காட்டுவார்கள், அவர் நோயாளிகளின் பெயரும் ஊரும் எழுதிய இடாப்பைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பார். பராசக்தி என்ற பெண் ஐந்து விரலைக் காட்டினாள். பஞ்சலிங்கம் என்று பிடித்துவிட்டார். அன்று முழுவதும் அவருக்குத் தலை கால் புரியவில்லை. தனக்குத் தெரியாத பெயர் இல்லை என்ற எண்ணம் மனத்தில் ஏறிவிட்டது. வினை வந்தது அங்கேதான்.

கொக்குவிலிலிருந்து சிவக்கொழுந்து வந்தது அதற்கு அடுத்த நாள். முப்பது வயதிருக்கும். வெயிலில் நடந்து வந்த முகம், இடுப்பில் கஞ்சி முட்டி.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள், பிள்ளை?"

"எங்கடை வீட்டுக்காரரை, அண்ணை."

"எந்த ஊர்?"

"கொக்குவில். அவற்ரை பேர்... முருகன்ரை பேர்."

வேதக்காரரான கிறகோரி, தேவதூதர்களான சம்மனசுகளின் பெயரைச் சொல்லச் சொன்னால் வரிசையாகச் சொல்லுவார். முருகனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கையில் வேல் இருக்கும் என்பது ஒன்றுதான். இடாப்பில் விரலை ஓட்டினார். கதிரவேலு, கொக்குவில். வேலும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. இடாப்பை மூடினார்.

"விளங்கீட்டுது. தாங்கோ முட்டியை."

அன்றிலிருந்து பதினொரு நாள் அவள் வந்தாள். தேங்காய்ப்பால் விட்ட பச்சையரிசிக் கஞ்சி, ஒரு நாள் தவறவில்லை. கிறகோரியும் மரியாதைக்கு ஒருநாளும் பெயரை எடுக்கவில்லை. "உங்கடை அவர் அப்படியே கிடக்கிறார்" என்றுதான் சொல்லுவார். யசிந்தா மட்டும் ஒருநாள் கல்லடியில் நின்று சொன்னாள்:

"கொக்குவிலார் உந்தக் கஞ்சியைக் குடிச்சுப்போட்டு, ஆர் பெத்த பிள்ளையோ நல்லாயிருக்கட்டும் எண்டு வாழ்த்துறார், அண்ணை. காய்ச்சல்லை பினாத்துறார் போலை. அங்காலை சாவகச்சேரியார் ஒருத்தர் பாவம். வீட்டிலையிருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. சுவரைப் பாத்தபடி கிடக்கிறார். இஞ்சை குடுக்கிற ஆஸ்பத்திரிக் கஞ்சியையும் தொடுறாரில்லை."

"என்ன சனமோ" என்று கிறகோரி சாவகச்சேரி முழுவதையும் சேர்த்துத் திட்டினார்.

பத்தாம் நாளும் பதினோராம் நாளும் சிவக்கொழுந்துக்கு "கும்பிடுங்கோ" என்று சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, கொக்குவிலார் விடியும்போது போய்விட்டார் என்று யசிந்தா சொன்னாள். சவத்தை வீட்டுக்காரருக்குக் கொடுப்பதில்லை. பின்பக்கத்துப் பனங்காணியில் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுத் தாட்டுவிட்டார்கள்.

பத்து மணிக்குச் சிவக்கொழுந்து முட்டியோடு வருவதைக் கண்டதும் கிறகோரி எழும்பிக் கயிற்றடிக்குப் போனார். செத்த மனுஷனை "உங்கடை அவர்" என்று சொல்லுவது சரியில்லை என்று பட்டது. அவருடைய கோவிலில் துக்கமணி அடித்தால் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லுவார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, கொக்குவில் கதிரவேலர் விடியக்காலமை மோசம் போட்டார்."

சிவக்கொழுந்தின் கை தாலிக்கொடிக்குப் போய் அங்கேயே நின்றது.

"கதிரவேலரோ? அது எங்கடை குளத்தடிக் கிழவனல்லோ. பெண்சாதி பிள்ளையில்லாத மனுசன்." அவள் குரல் கீழே போனது. "அப்ப, அண்ணை, என்ரை அவர் எங்கை?"

கிறகோரி கையிலிருந்த தொப்பியை மணலில் போட்டார். இடாப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஏழாவது பெயருக்கு அவள் தலையை ஆட்டினாள். கார்த்திகேசு, சாவகச்சேரி. சாவகச்சேரியில் தமக்கை வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, அங்கிருந்தே வண்டியில் ஏற்றிவந்த ஆள். ஏற்றிய இடத்தின் பெயரையே இடாப்பில் எழுதிவிட்டார்கள்.

கிறகோரி கல்லடிக்கு ஓடினார். யசிந்தா கேட்டுவிட்டு உள்ளே ஓடினாள், முகம் வாடித் திரும்பி வந்தாள்.

"சொன்னன், அண்ணை. நம்புறாரில்லை. பன்னிரண்டு நாள் வராதவள் இண்டைக்கு வந்தவளோ, சாகிறவனைத் தேற்றப் பொய் சொல்லாதையுங்கோ எண்டு கண்ணை மூடிக்கொண்டார். இண்டைக்குக் குடிக்காட்டில் நாளைக்கு ஆளில்லை."

கிறகோரி கயிற்றடிக்கு வந்து உள்ளதை உள்ளபடி சொன்னார். பிழை தன்னுடையது என்றும் சொன்னார். சிவக்கொழுந்து அவரைத் திட்டவில்லை. கயிற்றைப் பிடித்தபடி கொட்டிலைப் பார்த்தாள்.

"கூப்பிடுங்கோ, பிள்ளை. உங்கடை குரல் கேட்டால் நம்புவார்."

"சத்தம் போடப்படாதெண்டு..."

"நான் பாத்துக்கொள்ளுறன்."

அவள் முட்டியை மணலில் வைத்தாள். "இஞ்சாருங்கோ" என்றாள். கடற்காற்று அதைத் தின்றுவிட்டது. இன்னும் பலமாக, "இஞ்சாருங்கோ!"

உள்ளே ஒன்பது ஆண்கள் கிடந்தார்கள். எல்லோருடைய மனைவியும் அவரவரை அப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டு பேர் "ஓம், என்ன?" என்று பதில் கொடுத்தார்கள். ஒருவர் எழும்பி உட்கார்ந்தே விட்டார். யசிந்தா வாசலில் நின்று கையை விரித்தாள். சாவகச்சேரியார் அசையவில்லை.

சிவக்கொழுந்து கிறகோரியைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் புருஷன் பெயரைச் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது முறையில்லை.

"கார்த்திகேசு" என்றாள். முதல் தடவை அது கயிற்றைக்கூடத் தாண்டவில்லை. பிறகு கயிறு வளைய முன்னுக்குச் சாய்ந்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்: "கார்த்திகேசு! கொக்குவில் கார்த்திகேசு! நான் கொழுந்து வந்திருக்கிறன்!"

பூவரசிலிருந்த காகங்கள் எழுந்து பறந்தன. சத்தம் கேட்டு டாக்குத்தர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கிறகோரி அவரைக் காணாதவர் போல நின்றார். பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்த மனைவியின் வாயிலிருந்து தன் பெயரை ஒருநாளும் கேட்டிராத மனுஷன், சுவர்ப்பக்கமிருந்து மெல்லத் திரும்பினான். யசிந்தா கல்லடிக்கு ஓடிவந்து கையை நீட்டினாள்.

"முட்டியைக் கொண்டாங்கோ, அண்ணை. கேக்கிறார்."

சிவக்கொழுந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மணலில் இருந்துவிட்டாள். கிறகோரியும் கொஞ்சம் அழுதார். பூ விழுந்த கண்ணிலிருந்தும் கண்ணீர் வரும் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

கதிரவேலர் செத்த எட்டாம் நாள் அவள் இரண்டு முட்டி கொண்டுவந்தாள்.

"ஒண்டு அவருக்கு. மற்றது கதிரவேலருக்கு. இண்டைக்கு அவற்ரை எட்டு. பதினொரு நாள் என்ரை கையாலை குடிச்ச மனுசன், படைக்க வேறை ஆர் இருக்கினம்?"

கிறகோரி அதைக் கொண்டுபோய்ப் பனங்காணியில் வைத்து, தனக்குத் தெரிந்த முறையில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வந்தார். யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று நினைத்தார்.

அடுத்த மாதம் கார்த்திகேசு தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தான். முகம் கிறகோரியின் முகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போல இருந்தது. கயிற்றடியில் மனைவியைக் கண்டதும் நின்றான்.

"இஞ்சாருங்கோ, வெய்யிலுக்கை நிக்காதையுங்கோ" என்றாள் சிவக்கொழுந்து.

"அண்டைக்கு வேறை மாதிரியல்லோ கூப்பிட்டனி. இன்னொருக்கால் சொல்லன், கேப்பம்."

"இன்னொருக்கால் அப்பிடிக் கிடந்தால் சொல்லுறன். இப்ப நடவுங்கோ."

கிறகோரி கயிற்றைத் தன் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். அவன் குனியாமலே அதைக் கடந்து அவள் பக்கத்துக்குப் போனான்.